எண்ணெய்க் குப்பியும் ரயிற் பிரயாணமும்



நம்மவர் ஊருக்குச் சென்று திரும்பும்போது பெட்டியிற் பாதி துணிமணி என்றால், மறுபாதி குப்பிகளும் டப்பாக்களும் என்பது யாவரும் அறிந்ததே. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், கரிசலாங்கண்ணியும் கறிவேப்பிலையும் இட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய், கைக்குழந்தை இருந்தால் விளக்கெண்ணெய் ஆகியவை வீட்டார் கொடுத்தனுப்புபவை. ஷாம்பு, முகத்துக்குப் பூசும் திரவங்கள், வாசனைத் தைலம் ஆகியவை நாமே வாங்கிச் சேர்ப்பவை. டில்லியிலும் நாகபுரியிலும் மும்பையிலும் இவற்றிற் பெரும்பாலானவை கடையில் கிடைக்கின்றன. ஆயினும் தாயார் தம் கையாற் காய்ச்சிய எண்ணெய்க்குக் கடைச்சரக்கு ஈடாகுமோ? ஆகவே குப்பிகள் வருவது நிற்கப்போவதில்லை. அவை கசியாமல் வந்து சேருவதற்கு வழி யாது என்பதையே இத்திங்கள் இப்பக்கத்தில் ஆராய்வோம்.

இதற்கு ஒரு கட்டுரை வேண்டுமோ என்று சிலர் நகைக்கக்கூடும். எங்கள் குடியிருப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சக ஊழியர் ஒருவரின் தம்பி, உத்தியோகம் ஒன்றுக்குத் தேர்வு பெற்று, மூலச் சான்றிதழ்களைக் காட்டுவதற்காகச் சென்னையிலிருந்து டில்லிக்கு வந்தார். மே மாதம். தாயார் அரை லிட்டர்க் குப்பி நிறையத் தேங்காயெண்ணெய் ஊற்றி, மூடியை இறுகத் திருகி, துணியிற் சுற்றிப் பையில் வைத்தார். அதே பையில் சான்றிதழ்க் கோப்பும் இருந்தது. டில்லியிற் பையைத் திறந்தபோது கோப்பு முழுவதும் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. காகிதம் கண்ணாடிபோல் ஆகி, முன்பக்கத்து எழுத்தும் பின்பக்கத்து எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாய்த் தெரிந்தன. மறுபிரதி கொண்டுவருமாறு அதிகாரிகள் தவணை கொடுத்தமையால் உத்தியோகம் தப்பியது. ஆனால் மகன் எத்துணை சமாதானம் சொல்லியும், அந்த அம்மையார் அதற்குப்பின் யார் கையிலும் எண்ணெய் கொடுத்தனுப்புவதில்லை. "நான் கொடுத்தது உனக்குக் கெடுதலாய் முடிந்ததே, அப்பா" என்பதே அவர் சொல். மூடியில் ஒரு சிறு சந்து. அதனால் ஒரு தாயின் கை நின்றுபோயிற்று. ஆகையால் இதனை அற்ப விஷயம் என்று தள்ளுதற்கில்லை.

அந்த அம்மையார் மூடியைச் சரியாகத்தான் திருகினார். பின் ஏன் கசிந்தது? அடியேன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். எனினும் காரணம் அறிவதற்குப் பெரும் படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை.

முதற் காரணம் வெப்பம். எண்ணெய் சூடேறினாற் பெருகும். அரை லிட்டர் எண்ணெய் 30 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு வருமானால், ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி அளவு கூடிவிடும். சென்னையிலிருந்து டில்லிக்குச் செல்லும் வழி ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். விஜயவாடா, வாரங்கல், பல்லார்ஷா, நாகபுரி, இட்டார்சி, ஜான்சி என்று கோடையில் நெருப்பாய்க் காயும் ஊர்களின் வழியே அது செல்கிறது. கழுத்து வரை நிரப்பிய குப்பியில் அந்த ஒரு தேக்கரண்டிக்கு இடம் ஏது? மூடியின் சந்தே அதற்கு வழி. அன்பு மிகுதியாற் குப்பியை நிறைத்ததே அங்கு வினையாயிற்று.

குளிர்காலத்தில் வேறொரு சங்கடம் உண்டு. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். உறைகையிற் சுருங்கும், உருகுகையிற் பெருகும். மார்கழியில் டில்லியிலிருந்து தெற்கே செல்வோர், உறைந்த எண்ணெயைக் கரண்டியால் அழுத்தி அழுத்திக் குப்பியை நிறைப்பர். ரயில் ஆந்திரத்தைத் தாண்டுவதற்குள் அது உருகிப் பெருகி வெளிவரும். "கட்டியாக இருப்பது எங்கே கொட்டப்போகிறது" என்று அதைச் சாய்த்து வைப்பதும் தவறே. நல்லெண்ணெய்க்கு நம் ஊர்க் குளிரில் உறையும் தொல்லை இல்லை. அதனால் அது எப்போதும் ஓடத் தயாராக இருக்கும்.

இரண்டாவது காரணம் குப்பிக்குள் உள்ள காற்று. காற்றும் சூட்டில் விரியும். குப்பி நிமிர்ந்து நின்றால், விரியும் காற்று மேலேயுள்ள மூடியின் வழியே வெளியேறிவிடும். எண்ணெய் அடியிலேயே இருக்கும். குப்பி படுத்திருந்தாலோ மூடியை ஒட்டி நிற்பது எண்ணெய்; காற்று பின்னால் நின்று அதைத் தள்ளும். ஒரே குப்பி நின்றாற் கசியாமலும் படுத்தாற் கசிந்தும் போவதன் மர்மம் இதுவே.

மூன்றாவது காரணம் எண்ணெயின் இயல்பு. தண்ணீர் துளியாய்த் திரண்டு நிற்கும் இடத்தில் எண்ணெய் படர்ந்து ஊர்ந்து செல்லும். மூடியின் மரைகளில் முன்பே எண்ணெய் ஒட்டியிருந்தால், பின்வரும் எண்ணெய்க்கு அது பாதை போட்டுக் கொடுக்கும். ரயிலின் அதிர்ச்சியில் மூடியும் சிறிது சிறிதாகத் தளரும். சென்னையில் இறுகத் திருகிய மூடி, ஒன்றரை நாள் குலுங்கியபின் டில்லியில் அவ்வாறே இருக்கும் என்று சொல்வதற்கில்லை.

காரணம் தெரிந்துவிட்டால் பரிகாரம் கடினமன்று.

முதலிற் குப்பியைத் தேர்ந்தெடுத்தல். குடிதண்ணீர் விற்கும் மெல்லிய பிளாஸ்டிக் புட்டியில் எண்ணெய் கொண்டுவருவது பெருவழக்காகிவிட்டது. அமுக்கினால் நெளியும் அப்புட்டி, மற்றச் சாமான்களின் பாரத்திற் பிதுங்கும். அதன் மூடியும் மீண்டும் மீண்டும் திறந்து மூடுவதற்காகச் செய்யப்பட்டதன்று. காய்ச்சிய எண்ணெயைச் சூடாக அதில் ஊற்றினாற் புட்டியே சுருங்கிக் கோணிவிடும். தடித்த பிளாஸ்டிக் குப்பியோ, மூடியின் உட்புறம் மெத்தென்ற தகடு உள்ள குப்பியோ நல்லது. எண்ணெய் நன்கு ஆறியபின் ஊற்றுக. பழைய ரப்பர் வளையம் உள்ள மூடிகளை நம்பலாகாது. எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊதிப் பிசுபிசுத்துப் பிடிப்பை இழந்துவிடும்.

அடுத்தது சோதனை. குப்பியிற் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி, ஈரம் துடைத்து மூடி, ஒரு செய்தித்தாளின்மேல் தலைகீழாக ஓர் இரவு முழுவதும் நிறுத்துக. காலையிற் காகிதத்தில் ஈரம் கண்டால் அக்குப்பி வீட்டு உபயோகத்திற்கே ஏற்றது, பிரயாணத்திற்கு ஆகாது. ஈரம் காணாவிடில் நீரைக் கொட்டி, குப்பியை முற்றிலும் உலரவிட்டு எண்ணெய் ஊற்றுக. ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் இது முடியாது; இரண்டு நாள் முன்னதாகவே செய்துவிட வேண்டும்.

மூன்றாவது நிரப்புதல். எவ்வளவு அன்பு இருந்தாலும் கழுத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை இடம் விடுக. உறைந்த எண்ணெயாயின் முதலில் உருக்கி, உருகிய நிலையில் அளந்து ஊற்றுக. உருக்குவதற்கு அடுப்பின்மேல் வைத்தல் ஆகாது. மூடியைத் தளர்த்தி, வெந்நீர்ப் பாத்திரத்திற் சிறிது நேரம் நிறுத்தினாற் போதும்.

நான்காவது மூடுதல், இதுவே முக்கியம். குப்பியின் வாயையும் மரைகளையும் மூடியின் உட்புறத்தையும் உலர்ந்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைக்க வேண்டும். பின்னர் உள்ளங்கை அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் தாளை இரண்டாக மடித்து வாயின்மேல் வைத்து, அதன்மேல் மூடியைத் திருகுக. தாள் மரைகளுக்கிடையே அழுந்திச் சந்துகளை அடைத்துவிடும். பால் உறையைக் கழுவி உலர்த்தி வெட்டினால் இதற்குக் காசு செலவே இல்லை. மூடி தளராதிருக்க, மூடியும் கழுத்தும் சேருமிடத்தில் ஒட்டும் நாடாவை, மூடி இறுகும் திசையிலேயே இழுத்து இருமுறை சுற்றுக. எதிர்த்திசையிற் சுற்றினால் நாடாவே மூடியைத் தளர்த்திவிடக்கூடும்.

ஷாம்புக் குப்பிகளில் தட்டித் திறக்கும் மூடி உண்டு. பெட்டியிற் பக்கத்துச் சாமான் இடித்தால் அது தானே திறந்துகொள்ளும். அந்த மூடியின்மேலும் நாடா ஒட்டுக. அமுக்கினால் வரும் குழாய் மூடியாயின், அதைத் திருகிப் பூட்டும் வசதி பெரும்பாலும் உண்டு. இல்லாவிடின் குழாயைக் கழற்றித் தனியே எடுத்துச் சென்று, குப்பிக்குச் சாதாரண மூடி போடுக.

ஐந்தாவது அடுக்குதல். ஒவ்வொரு குப்பியையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையிலிட்டு வாயைக் கட்டுக. எல்லாவற்றையும் ஓர் எவர்சில்வர் தூக்கிலோ வாளியிலோ நிமிர்த்தி வைத்து, இடைவெளிகளிற் பழைய துண்டைத் திணித்துவிட்டால் குப்பிகள் ஆடா, சாயா, உடையா. ஏதேனும் ஒன்று கசிந்தாலும் பாத்திரத்தோடு நின்றுவிடும். அந்தத் தூக்கு இருக்கையின் அடியில், கைக்கெட்டும் இடத்தில் நிற்கட்டும். மேற்படுக்கையில் வைத்தல் கூடவே கூடாது. நடு இரவில் மேலிருந்து எண்ணெய் சொட்டிக் கீழே உறங்கும் அயலார் ஒருவரின் படுக்கையும் சட்டையும் பாழாவதைப் பயணிகள் பலர் கண்டிருப்பர். மொழி தெரியாத அவரிடம் நாம் எப்படி மன்னிப்புக் கேட்பது? அவர் அதற்குப்பின் நம்மவரைப் பற்றி யாது நினைப்பார்? வெளியூரில் வாழும் நமக்கு இந்த எண்ணம் இருந்தே தீர வேண்டும். எண்ணெய் தரையிற் சிந்திவிட்டாற் செய்தித்தாளால் உடனே துடைத்துவிடுக. வயதானவர் ஒருவர் அதில் வழுக்கி விழுந்தால் நாம் என்ன பதில் சொல்வது?

ஒரு விதியை மட்டும் விலக்கின்றிக் கொள்க. சான்றிதழ், வீட்டுப் பத்திரம், பட்டுப்புடைவை, மருந்துச்சீட்டு, குழந்தைகளின் புத்தகம் ஆகியவை இருக்கும் பெட்டியில் திரவம் எதுவும் இருத்தலாகாது. எத்தனை பாதுகாப்பாகக் கட்டியிருந்தாலும் வேறு பெட்டி வேறு பெட்டியே.

விமானத்திற் செல்வோருக்கு ஒரு சொல். அங்கே தொல்லை வெப்பத்தாலன்று, காற்றழுத்தத்தால். விமானம் உயரே செல்கையில் உள்ளே இருக்கும் அழுத்தம், ஏறத்தாழ 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதைப்போற் குறையக்கூடும். குப்பியில் அடைபட்ட காற்று அப்போது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பெருகப் பார்க்கும். ஆகவே பாதி காலியான ஷாம்புக் குப்பியே விமானத்தில் அதிகம் கசியும். மூடுவதற்கு முன் பிளாஸ்டிக் குப்பியைச் சிறிது அமுக்கி, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, அமுக்கியபடியே மூடியைத் திருகுக. மேலே சென்றதும் குப்பி தன் பழைய வடிவுக்கு உப்பும், திரவத்தைத் தள்ளாது. உதகமண்டலம்போன்ற மலையூர்களுக்குச் செல்வோருக்கும் இவ்வழி உதவும்.

மாற்றலாகி வீட்டைக் காலி செய்வோருக்கும் ஓர் எச்சரிக்கை. குளியலறையிலுள்ள ஷாம்பு, சோப்புகளோடு, கழிப்பறை கழுவும் ஆசிட் புட்டியையும் சேர்த்துக் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. மண்ணெண்ணெயை விட்டுவிட மனம் வராதவர்களும் உண்டு. இத்தகைய அபாயப் பொருள்களை ரயிலிற் கொண்டுசெல்வதை 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 67ஆம் பிரிவு தடுக்கிறது; மீறுவோருக்குச் சிறைத் தண்டனை விதிக்கவும் அச்சட்டத்தின் 164ஆம் பிரிவு இடமளிக்கிறது. சட்டம் இருக்கட்டும், ஆசிட் கசிந்தால் துணியோடு நில்லாது, குழந்தையின் காலையும் சுடும். சில ரூபாய்ச் சரக்கு. இருந்த ஊரிலேயே விட்டுவிட்டு, போன ஊரில் வாங்கிக்கொள்க.

இனி, வீட்டிற் சேமித்து வைத்தலைப் பற்றிச் சிறிது. கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஒரு மாதம் ஊருக்குச் செல்கிறோம். வடக்கே பூட்டிய வீட்டின் உள்ளே அந்நாட்களில் வெப்பம் சூளைபோல் ஏறும். அலமாரியின் மேல்தட்டில் வைத்த எண்ணெய்க் குப்பி பகலிற் பெருகி இரவிற் சுருங்கி, நாளுக்குச் சில துளிகளாய்க் கசிந்து, கீழ்த்தட்டிலுள்ள துணியில் இறங்கும். திரும்பி வந்து பார்த்தால் எறும்பும் சிக்குவாடையுமே நம்மை வரவேற்கும். இதைத் தடுக்கக் குப்பிகளைக் கீழ்த்தட்டில், விளிம்புள்ள ஒரு தட்டின்மேல் நிறுத்துக. வெயில் படும் சன்னலோரம் ஆகாது. அரிசி, காப்பித்தூள் ஆகியவற்றின் அருகிலும் ஆகாது. கசியாவிட்டாலுங்கூட அவை எண்ணெயின் வாசனையை ஏற்றுக்கொள்ளும். உபயோகித்தபின் ஒவ்வொரு முறையும் குப்பியின் வாயைத் துடைத்து மூடும் பழக்கம் ஒன்றே பாதிக் கசிவை நிறுத்திவிடும்.

எல்லாம் செய்தும் கசிந்துவிட்டால்? முதலில் தண்ணீரைத் தொடாதீர்கள். பருத்தித் துணியாயின், உலர்ந்த துணியால் எண்ணெயை ஒற்றியெடுத்து, பாத்திரம் துலக்கும் சோப்புத் திரவத்தைக் கறையின்மேல் தடவிக் கால்மணி நேரம் விட்டு, வெதுவெதுப்பான நீரில் அலசுக. கறை போகுமுன் வெயிலிற் காயவைத்தலும் இஸ்திரி போடுதலும் ஆகா. சூட்டிற் கறை ஊன்றிவிடும். பட்டாயின் தேய்த்தல் ஆகாது. முகப்பவுடரைக் கனமாகத் தூவி ஓர் இரவு விட்டு, காலையில் மெல்லத் தட்டிவிடுக. இருமுறை செய்தும் போகாவிடில் சலவைக்காரரிடம், அது எண்ணெய்க் கறை என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். காகிதமாயின் ஒவ்வொரு தாளையும் பிரித்து, இருபுறமும் பவுடர் தூவி, அச்சில்லாத வெள்ளைத் தாள்களுக்கிடையே வைத்து, மேலே பாரம் ஏற்றி, நாள்தோறும் தாள்களை மாற்றுக. காகிதம் பழைய நிலைக்கு வராது. எனினும் எண்ணெயிற் பெரும்பகுதி இறங்கி, எழுத்தைப் படிக்க முடியும்.

சின்னஞ்சிறு பிரயாணங்களுக்குக் குப்பியே வேண்டியதில்லை. ஒரு வேளைக்கு ஒரு சிறு உறை என்று ஷாம்புவை அடைத்து விற்கும் முறையை நம் நாட்டிற் பரப்பியவர்களுள் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் முதன்மையானவர். அவர் புதல்வர் சி. கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய தொழிலும் அச்சிறு உறைகளாலேயே வளர்ந்தது. பெரிய குப்பி வாங்க இயலாத ஏழை எளியோருக்காக வந்த அந்த உறை, பிரயாணிக்கும் உற்ற துணையாயிற்று. சீயக்காய்த் தூளை விரும்புவோருக்கோ கசிவு என்ற கவலையே இல்லை, தூள் ஓடாது.

இம்முறைகளைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாமல், ஊரிலுள்ள பெற்றோருக்குத் தொலைபேசியிற் சொல்லுங்கள். குப்பியை நிரப்புகிறவர்கள் அவர்களே அல்லவா? "அம்மா, நிறைய ஊற்றாதீர்கள்" என்று மட்டும் சொன்னால் மனம் வருந்துவார்கள். "இரண்டு விரற்கடை குறைத்து ஊற்றுங்கள், அப்போதுதான் ஒரு துளியும் வீணாகாமல் என்னிடம் வந்து சேரும்" என்று சொல்லுங்கள். மேற்சொன்ன அம்மையாருக்கும் அவர் மகன் தடித்த குப்பி இரண்டும் ஒட்டும் நாடாவும் வாங்கி வைத்துவிட்டு வந்திருக்கிறாராம். அவர் மனம் மாறுவாரென்று எங்கள் குடியிருப்பில் எல்லோரும் காத்திருக்கிறோம்.

அடுத்த திங்கள், ஊறுகாய் ஜாடிகளைப் பிரயாணத்திற் கொண்டுவரும் முறையைக் காண்போம். அனுபவமுள்ள சகோதரிகள் தங்கள் வழிகளைச் சங்க அலுவலகத்திற்கு எழுதியனுப்பினால் நன்றியுடன் சேர்த்துக்கொள்வேன்.